கருகிப்போன காருக்கு 18.75 லட்சம் டாலர்: "ஒரிஜினல்"ங்கிற வார்த்தையோட விலை என்ன?



2023 ஆகஸ்ட் மாசம். கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஆர்.எம். சோத்பீஸ் நிறுவனத்தோட கார் ஏலம். அதுக்கு வந்த கார்களில் ஒண்ணு, 1954-ஆம் வருஷத்து ஃபெராரி 500 மோன்டியால். இத்தாலியின் புகழ்பெற்ற மில்லே மிலியா ரேஸ்ல ஓடின கார். ஆனா 1960-களில் ஒரு ரேஸ்ல மோதி எரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் யாரும் அதைச் சரி பண்ணலை. பாடி முழுக்க நசுங்கி, கருகி, துருப்பிடிச்சுக் கிடந்தது. பார்த்தா "இது கார்"னு சொல்றதுக்கே கொஞ்சம் யோசிக்கணும். நம்ம ஊர்ல பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துட்டுப் போற நிலைமை.

ஏலம் முடிஞ்ச விலை 18,75,000 டாலர். அன்னைக்குக் கணக்குல 15 கோடி ரூபாய்க்கும் மேல!

இதைப் படிக்கிற உங்களுக்கு ஃபெராரி வாங்குற ஐடியா இருக்காது. எனக்கும் இல்லை. அப்புறம் எதுக்கு இந்தக் கதை? கார் ரீஸ்டோரேஷன் வீடியோவைப் பார்த்துட்டு, "பழைய காரோ பைக்கோ வாங்கி, புது பார்ட்ஸ் போட்டு, பளபளன்னு ஆக்கி வெச்சா அது ஒரு இன்வெஸ்ட்மென்ட் தானே?"னு கேக்குறவங்க நிறைய பேர். சம்பளத்துல சேர்த்து வெச்ச 5 லட்சம், 8 லட்சத்தை எடுத்து அதுல போடலாமான்னு யோசிக்கிறாங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பாடம்.

முழுசா எரிஞ்ச காருக்கு 15 கோடி கிடைக்குது. அதே சமயம், பல வருஷம் உழைச்சு, புது பாடி போட்டு, கண்ணாடி மாதிரி பெயின்ட் அடிச்ச இன்னொரு காருக்குச் செலவு பண்ணின காசு கூட திரும்பி வர்றதில்லை. இது ஏன்னு புரிஞ்சா, உங்க காசை எங்க போடக் கூடாதுன்னு தெளிவா புரியும்.

முதல்ல வார்த்தைகளைப் பிரிச்சுப்போம்

கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் உலகத்துல விளம்பரத்துல வர்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விலை உண்டு. மியூச்சுவல் ஃபண்ட்ல "டைரக்ட்", "ரெகுலர்" வித்தியாசம் தெரியாம வாங்குனா எப்படி நஷ்டமோ, இங்கேயும் அப்படித்தான்.

- ஒரிஜினல்: ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்தப்போ இருந்த அதே பாகம். அதே ஃபெண்டர், அதே கதவு, முடிஞ்சா அதே பெயின்ட்.
- மேட்சிங் நம்பர்ஸ்: என்ஜின், சேஸி, கியர்பாக்ஸ் மாதிரி முக்கிய பாகங்கள்ல இருக்குற நம்பர்கள், அந்தக் காருக்கு ஃபேக்டரி பதிவேட்டில் எழுதுன நம்பர்களோடு பொருந்தணும்.
- நியூ ஓல்ட் ஸ்டாக்: அந்தக் காலத்துலயே கம்பெனி தயாரிச்சு, விக்காம குடோன்ல தங்கிப்போன ஸ்பேர் பார்ட். பழசு, ஆனா யூஸ் பண்ணாதது. அதனால விலை அதிகம்.
- ரீப்ரொடக்‌ஷன்: இப்போ புதுசா அதே மாதிரி செஞ்ச பாகம். தரம் ரொம்ப நல்லாவும் இருக்கலாம், பொருந்தவே பொருந்தாமலும் இருக்கலாம்.
- ரெப்ளிகா: பார்க்க அதே கார். ஆனா அந்தக் காரோட வரலாறோ சேஸி நம்பரோ இல்லாதது.

இப்போ அந்த எரிஞ்ச ஃபெராரிக்கு வருவோம். அதோட பாடியை யாரும் மதிக்கலை, அது புதுசாத்தான் செய்யணும். கூட வந்த என்ஜின் கூட அந்தக் காரோட முதல் என்ஜின் இல்லை. ஆனா அந்தக் காரோட சேஸி அடையாளம் இருந்தது, அதோட நம்பர் பொருந்துற கியர்பாக்ஸ் இருந்தது, மில்லே மிலியாவில் ஓடின பதிவு இருந்தது. அப்படின்னா வாங்கினவர் காசு கொடுத்தது தகரத்துக்கு இல்லை, அடையாளத்துக்கு. அந்த அடையாளத்தோட மேல புது பாடி போட்டா, அது மறுபடி கட்டப்பட்ட ஃபெராரி. அடையாளம் இல்லாம அதே பாடியை, அதே ஆள், அதே தரத்துல செஞ்சா, அது ரெப்ளிகா. வேலை ஒண்ணுதான், விலையில மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

"அப்போ பாடி பார்ட்ஸ் மாத்துனா பிரச்சினையே இல்லையா?"னு கேட்டா, அங்கதான் விஷயமே இருக்கு. அது எந்தக் கார்ங்கிறதைப் பொறுத்தது. மூணு காரை எடுத்துப் பார்ப்போம்.

பாடம் 1: எம்ஜிபி – எல்லாம் கிடைச்சா விலை ஏறாது

எம்ஜிபி, இங்கிலாந்தின் ஆபிங்டன் ஃபேக்டரியில் 1962-லிருந்து 1980 வரைக்கும் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல விற்பனை ஆச்சு. சின்ன கார், சுலபமான மெக்கானிசம், நடுத்தரக் குடும்பத்து ஆளுங்க வாங்குற விலை. ஒரே எதிரி துரு. தனி சேஸி கிடையாது, பாடியே சேஸி. கதவுக்குக் கீழே நீளமா ஓடுற சில் பகுதி துருப்பிடிச்சா, காரோட முதுகெலும்பே போன மாதிரி.

1988-ல ஒரு சுவாரஸ்யமான விஷயம் நடந்தது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம், எம்ஜிபியோட பழைய ஃபேக்டரி அச்சுகளைத் தேடிப் பிடிச்சு, முழு பாடி ஷெல்லையே புதுசா தயாரிச்சு விக்க ஆரம்பிச்சது. உங்க கார் துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சா? என்ஜின், ஆக்ஸில், சீட்டு எல்லாத்தையும் கழட்டி புது ஷெல்லுக்கு மாத்திக்கலாம். உடம்பே புதுசு, பேரு பழசு!

இதுக்கு அரசாங்கம் எப்படிக் கணக்கு பார்த்ததுங்கிறது இன்னும் சுவாரஸ்யம். பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை, அடியோட மாத்தின கார் பழைய பதிவு எண்ணை வெச்சுக்கலாமான்னு முடிவு பண்ண, பல வருஷமா ஒரு பாயின்ட் முறையைப் பயன்படுத்தியது. சேஸி அல்லது பாடி ஷெல்லுக்கு 5 பாயின்ட். சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொண்ணுக்கும் 2. என்ஜினுக்கு வெறும் 1. மொத்தம் 14-ல 8 எடுத்தா பழைய நம்பர் உங்களோடது. தயாரிப்பாளர்கிட்டயிருந்தே மாற்றம் இல்லாம வாங்கின புது ஷெல்லுக்கு ரசீது இருந்தா, அதுக்கும் அந்த 5 பாயின்ட் உண்டு.

கவனிங்க: பதிவுத் துறைக்கு என்ஜின் 1 பாயின்ட். ஆனா சந்தையில மேட்சிங் நம்பர் என்ஜினுக்குத்தான் பெரிய மவுசு. சட்டப்படி "அதே கார்"ங்கிறதும், சந்தைப்படி "ஒரிஜினல் கார்"ங்கிறதும் வேற வேற.

சரி, இதுல நமக்கு என்ன பாடம்? புது ஷெல் கிடைக்கிறதால எம்ஜிபி அழியாம ஓடிட்டே இருக்கு. சந்தோஷம். ஆனா அதே காரணத்தால அதோட விலைக்கு ஒரு கூரையும் விழுந்துடுது. யார் வேணும்னாலும் காசு கொடுத்து நல்ல எம்ஜிபியை உருவாக்கிக்கலாம்னா, உங்க நல்ல எம்ஜிபிக்கு ஏன் எக்ஸ்ட்ரா கொடுக்கணும்?

கணக்குக்காக சில எண்களை எடுத்துப்போம். இவை உதாரணம் மட்டுமே.

- துருப்பிடிச்ச கார் வாங்குனது: 4,000 பவுண்டு
- ஷெல்லும் பெயின்ட்டும்: 16,000
- என்ஜின், பிரேக், வயரிங்: 6,000
- சீட்டு, மேற்கூரை, குரோம்: 4,000
- மொத்தம்: 30,000 பவுண்டு

முடிஞ்ச காருக்குச் சந்தை 18,000 தருதுன்னு வெச்சுக்கங்க. நஷ்டம் 12,000. இதுல உங்க ரெண்டு வருஷ சனி, ஞாயிறு சேரலை. அந்தப் பணம் வேற இடத்துல இருந்திருந்தா வந்திருக்கும் வட்டியும் சேரலை.

எண்கள் காருக்குக் கார் மாறும், ஆனா இந்த வடிவம் அடிக்கடி இப்படித்தான் வரும். அதனாலதான் இந்த உலகத்துல பழுத்த அனுபவசாலிகள் சொல்ற அறிவுரை ஒண்ணே ஒண்ணு: மத்தவங்க ஏற்கெனவே காசு போட்டு முடிச்ச காரை வாங்கு. மேல சொன்ன உதாரணத்துல புத்திசாலி யாரு? 30,000 செலவு பண்ணவர் இல்லை, 18,000-க்கு வாங்கினவர்.

நம்ம வாழ்க்கையிலயும் இது இருக்கு. ஃபிளாட்ல 8 லட்சத்துக்கு மாடுலர் கிச்சனும் வார்ட்ரோபும் போட்டு, விக்கும்போது "நான் 8 லட்சம் செலவு பண்ணிருக்கேன் சார்"னு சொல்லிப் பாருங்க. வாங்குறவர் சிரிச்சுட்டு ஏரியா ரேட்டைத்தான் பேசுவார். பில் தொகை வேற, மதிப்பு வேற.

பாடம் 2: ஜாகுவார் இ-டைப் – எதை மாத்துனீங்கங்கிறது முக்கியம்

1961-ல ஜெனீவா மோட்டார் ஷோவுல வந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வெச்ச கார் ஜாகுவார் இ-டைப். மொத்தம் 72,000-க்கும் மேல தயாரிச்சாங்க. அதோட முன்பக்கம் நீளமான ஒரே பானெட். ஃபெண்டர், ஹெட்லைட் எல்லாம் அதோடயே சேர்ந்து முன்பக்கமா கவிழ்ந்து திறக்கும். அழகுக்கு அழகு, ஆபத்துக்கு ஆபத்து! ஏன்னா முன்னாடி லேசா இடிச்சாலும் அடிபடுறது அந்த பானெட்தான். அறுபது வருஷத்துல எத்தனை இ-டைப்கள் பானெட் மாத்தியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இங்கதான் ஒரு நல்ல பிரிவினை கத்துக்கலாம்.

போல்ட் போட்டு மாட்டுற பாகம்: பானெட், கதவு, டிக்கி மூடி. மாத்தலாம், பழசை எடுத்து வெச்சா திரும்பவும் மாட்டலாம். காரோட எலும்பு மாறலை.

வெல்டிங் பண்ணி ஒட்டுற பாகம்: சில், ஃப்ளோர், பின்பக்க ஃபெண்டர். இதை வெட்டி எடுத்துட்டா திரும்பி வராது. வேலை சரியா நடக்கலைன்னா காரே கோணலாகும். இ-டைப்ல சில்லை வெட்டும்போது பாடிக்குத் தாங்கு கொடுக்காம வெட்டுனா, கதவு இடைவெளி மேலயும் கீழயும் மாறிப்போகும். புது பெயின்ட்டுக்கு அடியில இது தெரியாது. கதவைத் திறந்து மூடிப் பார்த்தாத்தான் தெரியும்.

அதனால அனுபவசாலி முதல்ல பெயின்ட்டைப் பார்க்க மாட்டார். கதவு இடைவெளி ஒரே அளவா இருக்கான்னு பார்ப்பார், குனிஞ்சு அடியில வெல்டிங் கோடுகளைப் பார்ப்பார்.

இன்னொரு விஷயம், சர்டிஃபிகேட். ஜாகுவாரின் பாரம்பரிய அறக்கட்டளை, ஃபேக்டரி பதிவேட்டைப் பார்த்து ஹெரிட்டேஜ் சான்றிதழ் தரும். சேஸி நம்பர், என்ஜின் நம்பர், பாடி நம்பர், கலர், எந்தத் தேதியில ஃபேக்டரியை விட்டுக் கிளம்புச்சுங்கிறது எல்லாம் அதுல இருக்கும். நிறைய பேர் இந்தப் பேப்பரைப் பார்த்ததும் "ஓகே, ஒரிஜினல்!"னு நினைச்சுடுவாங்க. தப்பு. அந்தப் பேப்பர் சொல்றது, *அன்னைக்கு* அந்தக் கார் எப்படிப் போச்சுங்கிறது மட்டும்தான். *இன்னைக்கு* உங்க முன்னாடி நிக்கிற கார்ல அதே என்ஜினும் அதே பாடியும் இருக்கான்னு நீங்கதான் நம்பரைத் தேடி ஒத்துப் பார்க்கணும். ஃபெராரியின் கிளாசிக்கே பிரிவு மாதிரி சில இடங்கள்லதான் காரையே நேர்ல பரிசோதிச்சு சான்று கொடுக்குறாங்க.

பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டுறது போன மாசம் வரைக்கும் நடந்த கதை. இன்னைக்கு அக்கவுண்ட்ல பணம் இருக்கான்னு தனியா பார்க்கணும், இல்லையா? அது மாதிரிதான்.

பாடம் 3: கார்வெட் – எங்க எக்ஸ்ட்ரா காசோ, அங்க ஏமாத்து வேலை

அமெரிக்காவின் செவ்ரலே கார்வெட் 1953-ல வந்தப்போவே பாடி தகரம் இல்லை, ஃபைபர்கிளாஸ். துரு பிடிக்காது, ஆனா மோதினா உடையும். உடைஞ்ச இடத்துல புது பேனல் ஒட்டி, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சா வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது.

ஆனா உள்ளே சாட்சி இருக்கும். ஃபேக்டரியில ரெண்டு பேனல் சேர்ற இடத்துக்குப் பின்னாடி ஒரு பட்டையை வெச்சு ஒட்டுவாங்க, பாண்டிங் ஸ்ட்ரிப்னு பேரு. ரிப்பேர் பார்த்த கார்கள்ல அந்தப் பட்டை இல்லாமலோ, கண்டபடி ஒட்டியோ இருக்கும். அடுத்து, ஃபேக்டரி பேனல்கள் அச்சுல அழுத்திச் செஞ்சவை, ரெண்டு பக்கமும் வழவழன்னு இருக்கும். கையால அடுக்கிச் செஞ்ச மாற்று பேனல்கள் ஒரு பக்கம் வழவழப்பு, இன்னொரு பக்கம் சொரசொரப்பு. வீல் ஆர்ச் உள்ளே கையை விட்டுத் தடவினாலே கதை தெரிஞ்சுடும்!

என்ஜின் விஷயத்துல இன்னும் கவனம் தேவை. 1960-களிலிருந்து கார்வெட் என்ஜின் பிளாக்ல ஒரு தட்டையான இடத்துல காரோட சீரியல் நம்பரோட ஒரு பகுதியைக் குத்தி வெச்சிருப்பாங்க. அது பொருந்தினா விலை எகிறும். விலை எகிறுதுன்னா என்ன நடக்கும்? பழைய நம்பரைத் தேய்ச்சுட்டு புது நம்பரைக் குத்துற ஆளுங்க வருவாங்க! ஆனா ஃபேக்டரி மெஷின் அந்த இடத்தைச் செதுக்கும்போது மெல்லிய இணைகோடுகள் விழுந்திருக்கும். தேய்ச்சா அந்தக் கோடுகள் போயிடும். தெரிஞ்சவர் நம்பரைப் பார்க்குறதுக்கு முன்னாடி அந்தக் கோடுகளைத்தான் தேடுவார்.

"ஒரிஜினல்"ங்கிற ஒத்தை வார்த்தைக்காக எக்ஸ்ட்ரா காசு கேட்டா, அந்த எக்ஸ்ட்ராவுக்கு ஆதாரம் கேட்குறது உங்க உரிமை. ஆதாரம் இல்லையா? மாத்துன பார்ட்ஸ் உள்ள காரோட விலையை மட்டும் கொடுங்க. காரும் ஓடும், உங்க காசும் தப்பிக்கும்.

கோர்ட் வரைக்கும் போன கேள்வி

"எல்லாத்தையும் மாத்திட்டா அது அதே கார் தானா?" இது டீக்கடைத் தத்துவம் இல்லை. 1990-ல லண்டன் ஹைகோர்ட்லயே இது வழக்கா வந்தது.

பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், செல்லப் பேரு "ஓல்டு நம்பர் ஒன்". 1929, 1930 ரெண்டு வருஷமும் லெ மான் 24 மணி நேர ரேஸ்ல ஜெயிச்ச கார். ரேஸுக்காக வருஷா வருஷம் பாகங்கள் மாறுச்சு. 1932-ல புரூக்லேண்ட்ஸ் டிராக்ல நடந்த விபத்துல அதை ஓட்டின கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். கார் மறுபடி கட்டப்பட்டுச்சு, பாடியே வேற மாதிரி ஆச்சு. 1990-ல அதை சுமார் 1 கோடி பவுண்டுக்கு விக்க ஒப்பந்தம் ஆனப்போ, வாங்குறவர் தரப்பு பின்வாங்கியது: "1929-ல இருந்த பாகம் இதுல ஏதோ கொஞ்சம்தான் இருக்கு. இது அந்தக் காரே இல்லை."

நீதிபதி ஆட்டன் தீர்ப்பு விற்றவர் பக்கம் போச்சு. அதோட சாரத்தை நம்ம பாஷையில சொல்றேன். பாகங்களை வெச்சுப் பார்த்தா "ஒரிஜினல்"ங்கிற வார்த்தை இதுக்குப் பொருந்தாது. ஆனா இந்தக் கார் எப்போதும் ஒரே காராவே இருந்து, படிப்படியா மாறி வந்திருக்கு. நடுவுல வேற காரா ஆனதே இல்லை. வேற எந்தக் காரும் அந்தப் பேருக்குச் சொந்தம் கொண்டாடவும் இல்லை. அதனால இதுதான் உண்மையான ஓல்டு நம்பர் ஒன்.

அதாவது ஒரிஜினல் வேற, உண்மையானது வேற. முதலாவது பாகங்களைப் பத்தினது. ரெண்டாவது அறுபடாத வரலாறைப் பத்தினது. அந்த வரலாறு அறுபடலைன்னு காட்டுறது எது? ரசீது, போட்டோ, பதிவேடு, கடிதம். பேப்பர்தான்!

இதுக்கு நேர் எதிர் உதாரணமும் இருக்கு. 2017-ல ஆஸ்டன் மார்ட்டின் கம்பெனியே தன்னோட பழைய டிபி4 ஜிடி காரை 25 எண்ணம் புதுசா கட்டி, ஒவ்வொண்ணும் வரி இல்லாமலே 15 லட்சம் பவுண்டுன்னு விலை வெச்சது. அதே கம்பெனி, அதே டிசைன். ஆனாலும் அதை ரோட்டுல ஓட்ட முடியாது, டிராக்ல மட்டும்தான். ஏன்னா அது 1959-ல பிறந்த கார் இல்லை. பிறந்த தேதியைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

திரும்ப வாங்க முடியாத பொருள்

இப்போ எல்லாத்தையும் சேர்த்துப் பார்ப்போம். புது பேனல் வேணுமா? காசு கொடுத்தா கிடைக்கும். புது பெயின்ட்? கிடைக்கும். புது என்ஜின்? அதுவும் கிடைக்கும். கிடைக்காதது ஒண்ணுதான். ஃபேக்டரி பெயின்ட், ஃபேக்டரி வெல்டிங், அறுபது வருஷமா யாரும் கை வைக்காத நிலைமை. ஒருதடவை உரிச்சுப் போட்டா, உலகத்துல இருக்குற எந்த ஒர்க்‌ஷாப்பாலயும் அதைத் திருப்பித் தர முடியாது. அமெரிக்காவின் பெபிள் பீச் கார் கண்காட்சியில ரீஸ்டோர் பண்ணாத கார்களுக்குத் தனிப் பிரிவே இருக்கு. கீறலோட, மங்கின பெயின்ட்டோட நிக்கிற காருக்கும் அங்கே பரிசு.

"அப்போ துருப்பிடிச்ச காரை அப்படியே விட்டுடணுமா?" இல்லை. பிரேக் பிடிக்காத, சில் ஓட்டையான கார் ஆபத்து. ரிப்பேர் பண்ணியே ஆகணும். சரியான கேள்வி, "இதை மாத்துனா திரும்ப முடியுமா?"ங்கிறதுதான். திரும்ப முடியும்னா தைரியமா செய்ங்க, பழைய பாகத்தைத் துணி சுத்திப் பரண்ல வைங்க. திரும்ப முடியாதுன்னா, ஒருதடவைக்கு மூணுதடவை யோசிங்க. மாத்தினதுக்கு அப்புறம் போட்டோவும் ரசீதும் வைங்க. விக்கும்போது முதல் வரியிலேயே சொல்லிடுங்க. மறைக்காத ரிப்பேருக்கு விலை கொஞ்சம் குறையும். மறைச்சு மாட்டிக்கிட்ட ரிப்பேருக்கு, மொத்தக் காரோட நம்பிக்கையும் போகும்.

சரி, நம்ம ஊர்ல?

இந்தியாவில இது சட்டத்துலயே இருக்கு. 2021-ல மத்திய மோட்டார் வாகன விதிகள்ல கொண்டுவந்த திருத்தத்தின்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட, சேஸி, பாடி ஷெல், என்ஜின்ல பெரிய மாற்றம் செய்யாம ஒரிஜினல் வடிவத்துல வெச்சிருக்குற டூவீலரும் காரும் "விண்டேஜ்" வாகனமா பதிவு பண்ணிக்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். நம்பர் பிளேட்ல "விஏ"ங்கிற எழுத்து வரும். ஆனா அதைத் தினசரி ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு மட்டும்தான். அதாவது, தாத்தாவோட பழைய வண்டியை "மாடிஃபை" பண்ணிட்டு அப்புறம் விண்டேஜ் பதிவு கேட்டா, நீங்களே கதவைச் சாத்தினதா ஆயிடும்.

நீங்க வாங்கப்போறது அஞ்சு வருஷப் பழைய ஸ்விஃப்டோ புல்லட்டோ இருந்தாலும், மேல படிச்சது எல்லாம் உபயோகப்படும். இந்த லிஸ்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க:

1. ஆர்.சி.யில இருக்குற சேஸி நம்பர், என்ஜின் நம்பரை வண்டியில நேர்ல பாருங்க. என்ஜின் மாத்தியிருந்தா ஆர்.டி.ஓ. அனுமதியோட ஆர்.சி.யில ஏறியிருக்கணும். "அப்புறம் மாத்திக்கலாம் ப்ரோ"ன்னா, நடையைக் கட்டுங்க.
2. ஃபெண்டர், பானெட் போல்ட் தலையைப் பாருங்க. பெயின்ட் உரிஞ்சிருந்தா யாரோ கழட்டியிருக்காங்க. ஏன்னு கேளுங்க.
3. கதவு ரப்பரை லேசா இழுத்து, அடியில ஃபேக்டரி வெல்டிங் புள்ளிகள் வரிசையா இருக்கான்னு பாருங்க. புள்ளிகளுக்குப் பதிலா பட்டியும் மேடுபள்ளமும் இருந்தா, எலும்பு முறிஞ்ச வண்டி.
4. போல்ட் பாகம் மாறியிருந்தா விலையைக் குறைச்சுப் பேசுங்க. வெல்டிங் பாகம் மாறியிருந்தா மெக்கானிக்கைக் கூட்டிட்டு வராம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.
5. வண்டிக்கு 5 வருஷம் தாண்டினா, இன்ஷூரன்ஸ் ஐ.டி.வி. நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றது. சர்வீஸ் பில், போட்டோ எல்லாம் அப்போ கைகொடுக்கும்.

கடைசியா அந்த 8 லட்சம்

பழைய கார் மேல ஆசை இருந்தா தப்பே இல்லை. அந்த என்ஜின் சத்தம், ஞாயித்துக்கிழமை காலையில கையில கிரீஸோட நிக்கிற சந்தோஷம், அதுக்கெல்லாம் விலை போட முடியாது. ஆனா அதை உங்க பட்ஜெட்ல எந்தப் பெட்டியில போடுறீங்கங்கிறதுதான் கேள்வி. டூர் போற காசு, கேமரா வாங்குற காசு இருக்குற பெட்டியில போடுங்க. அதாவது, திரும்பி வரலைன்னாலும் வீடு ஆடாத காசு. எமர்ஜென்ஸி ஃபண்ட், டெர்ம் இன்ஷூரன்ஸ், மாசாமாசம் எஸ்.ஐ.பி. இது மூணும் ஓடிட்டிருக்கணும், அதுக்கு அப்புறம் மிச்சத்துல கார். லோன் போட்டு ரீஸ்டோரேஷன்? தயவுசெஞ்சு வேண்டாம். இ.எம்.ஐ. மாசாமாசம் தவறாம வரும், பெயின்ட் ஷாப்காரர் சொன்ன தேதிக்கு வர மாட்டார்.

அந்த எரிஞ்ச ஃபெராரிக்கு 15 கோடி கிடைச்சது ரீஸ்டோரேஷனால இல்லை. எழுபது வருஷமா அதோட அடையாளம் அழியாம இருந்ததால. நீங்க பார்ட்ஸுக்கு கொடுக்கிற காசு வண்டியை ஓட வைக்கும், அழகாக்கும், உங்களைச் சந்தோஷப்படுத்தும். மதிப்பை ஏத்தும்னு மட்டும் கணக்குப் போட்டுடாதீங்க.

வீட்ல தாத்தாவோட வண்டி ஏதாவது தூசி படிஞ்சு நின்னா, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை செய்ங்க. பெயின்டரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி, ஆர்.சி. புக்கைத் தேடி எடுங்க. நாலு பக்கமும் போட்டோ எடுங்க, நம்பர்களை ஒத்துப் பாருங்க. செலவு ஒரு ரூபாய் கூட இல்லை. அந்த வண்டிக்கு நீங்க பண்ற நல்ல முதலீடு அதுவாத்தான் இருக்கும்.